மாலை நேரப் படிப்பு மையம் தொடங்குகிறவர்களுக்கு

பள்ளிக்கூடம் விட்ட பிறகு தெருப் பிள்ளைகளை உட்காரவைத்து ஏதாவது சொல்லிக்கொடுக்கலாம் என்ற எண்ணம் நம் ஊர்களில் நிறைய இளைஞர்களுக்கு வருகிறது. இரண்டு பாய், ஒரு விளக்கு, ஒரு கரும்பலகை இருந்தால் தொடங்கிவிடலாம் என்பதும் உண்மைதான். ஆனால் அப்படித் தொடங்கும் மையங்களில் பல, காலாண்டுத் தேர்வு வருவதற்குள் ஹோம்வொர்க் முடித்துக்கொடுக்கும் இடமாக மாறிவிடுகின்றன. நன்றாகப் படிக்கிற பிள்ளை முன்னால் உட்கார்ந்து எழுதுகிறது. எழுத்துக்கூட்டி வாசிக்கவே தெரியாத பிள்ளை பின்னால் உட்கார்ந்து அதைப் பார்த்து எழுதுகிறது. இரண்டு நோட்டும் நிரம்பிவிடுகின்றன, யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. பின்னால் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளையை மனதில் வைத்துத்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

மாலையில் ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுத்து என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற மாலை வகுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும், பட்டம் முடித்தவர்கள் ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை உள்ளவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு தன்னார்வலருக்குச் சுமார் இருபது பிள்ளைகள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் தமிழக கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள், விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்திருந்தது. அப்படி மீண்டதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இதில் பலன் கூடுதல். தெருவில் இருக்கும் ஓர் அக்காவால் இவ்வளவு முடியும்.

இடம் பார்ப்பது

சமுதாயக் கூடம், ஊராட்சிக் கட்டடம், நூலகத் திண்ணை, பள்ளிக்கூட வராண்டா, யாராவது ஒருவர் வீட்டு மாடி, எதுவானாலும் சரி. ஆனால் ஒன்றைப் பார்க்க வேண்டும். ஊரில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் தயங்காமல் கால்வைக்கிற இடமா அது? கோயில் மண்டபம் காற்றோட்டமாக இருக்கும், வாடகை கிடையாது. ஆனால் சில ஊர்களில் காலனிப் பிள்ளைகள் அங்கே வந்து உட்கார மாட்டார்கள், உட்கார விடவும் மாட்டார்கள். ஊர்த்தெரு வீட்டுத் திண்ணைக்கும் இதே கதிதான். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், பிள்ளைகள் வராமல் இருப்பார்கள், அவ்வளவுதான். எல்லாருக்கும் பொதுவான இடம் என்று ஊரில் இருப்பது பெரும்பாலும் அரசுப் பள்ளி மட்டுமே. தலைமையாசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் பார்த்துப் பேசி, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சாவி யாரிடம் இருக்கும், கதவைப் பூட்டுவது யார், கரண்ட் பில் யார் கணக்கு என்பதையெல்லாம் முதல் நாளே பேசிவிடுங்கள்.

அப்புறம் கழிப்பறை, குடிதண்ணீர், வெளிச்சம். டிசம்பரில் ஆறரை மணிக்குள் இருட்டிவிடும். இடத்துக்கு வரும் வழியில் தெருவிளக்கு எரிகிறதா என்று சாயங்காலம் ஒருமுறை நடந்து பாருங்கள். இருட்டான வழி என்றால் வயசுக்கு வந்த பெண்பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிடுவார்கள். ஊராட்சியில் மனு கொடுத்து ஒரு விளக்கு போடவைப்பது, நீங்கள் செய்யப்போகும் முக்கியமான வேலைகளில் ஒன்றாக இருக்கலாம்.

யார் சொல்லிக்கொடுப்பது

அதிகம் படித்தவரைத் தேடாதீர்கள், தினமும் வருகிறவரைத் தேடுங்கள். அதே தெருவில் பிளஸ் டூவோ டிகிரியோ முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் இதற்கு மிகப் பொருத்தமானவர்கள். பிள்ளையின் அம்மாவை அவர்களுக்குத் தெரியும், வீட்டு நிலைமையும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நகரத்திலிருந்து காரில் வந்து போகும் பத்துப் பேரைவிட, வாரம் ஐந்து நாளும் இருக்கிற ஒருவர் மேல். பிள்ளைகள் ஆளைப் பார்த்துத்தான் வருகிறார்கள்.

எந்த மையத்திலும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர் நடத்துவார் என்பது ஒரு காரணம். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்பது அதைவிடப் பெரிய காரணம். ஒருவருக்கு இருபது பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் வந்தால், இன்னொருவர் கிடைக்கும்வரை காத்திருப்போர் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைத் திருப்பி அனுப்ப மனம் வராதுதான். ஆனால் ஐம்பது பேரை உட்காரவைத்தால் கத்துவது ஒன்றே வேலையாகிவிடும்.

அடி, முட்டி போடவைப்பது, வெயிலில் நிறுத்துவது எதுவும் கிடையாது. 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளியிலேயே இதைத் தடைசெய்திருக்கிறது. “மக்கு”, “உருப்படாதவன்” போன்ற சொற்களும் அப்படித்தான். பெற்றோரே வந்து “நாலு போடுங்க மிஸ்” என்பார்கள். அடிக்காமலே பிள்ளை வருகிறது, படிக்கிறது என்பதை ஒரு மாதத்தில் அவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.

முதல் வாரம்: பாடம் வேண்டாம், யாருக்கு என்ன தெரியும் என்று பாருங்கள்

எல்லாவற்றையும்விட முக்கியமான படி இதுதான். வகுப்புவாரியாக உட்காரவைக்காதீர்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒருத்தி கதைப்புத்தகம் வாசிப்பாள், இன்னொருவன் ‘ப’வையும் ‘ம’வையும் குழப்பிக்கொள்வான். இருவருக்கும் ஒரே பாடம் நடத்தினால் ஒருவருக்கும் உதவாது.

பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம், பிள்ளைகளுக்கு எவ்வளவு வாசிக்கவும் கணக்குப் போடவும் தெரியும் என்று பார்க்கும் ‘அசர்’ ஆய்வுக்காக 2005 முதல் வீடுவீடாகப் போய்ப் பயன்படுத்தும் எளிய சோதனை ஒன்று உண்டு. அதை அப்படியே நீங்களும் செய்யலாம். ஒரு தாளில் சில எழுத்துகள், சில எளிய சொற்கள், முதல் வகுப்பு அளவில் நான்கு வரிப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சிறு கதை. முதலில் பத்தியைக் கொடுங்கள். சரளமாக வாசித்தால் கதை. திணறினால் சொற்கள், அதிலும் திணறினால் எழுத்துகள். ஐந்துக்கு நான்கு சரியாகச் சொன்னால் அந்த நிலை தெரியும் என்று எடுத்துக்கொள்ளலாம். கணக்குக்கு ஒன்று முதல் ஒன்பதுவரை எண்கள், பிறகு ஈரிலக்க எண்கள், கடன் வாங்கிக் கழித்தல், மூன்று இலக்க எண்ணை ஒரு இலக்கத்தால் வகுத்தல் என்று நான்கு படி.

பிள்ளைக்கு எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். மற்றவர்கள் காதில் விழாத தூரத்தில் செய்யுங்கள். எட்டாம் வகுப்புப் பையனுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்பது தம்பி தங்கைகள் முன்னால் வெளிப்பட்டால் அவன் மறுநாள் வரமாட்டான். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும். முடிந்ததும் ஒரு நோட்டில் பெயர், வகுப்பு, வாசிப்பு நிலை, கணக்கு நிலை, தேதி என்று எழுதிக்கொள்ளுங்கள். இனி குழு பிரிப்பது இந்த நிலையை வைத்துத்தான். இப்படி நிலை பார்த்துக் குழு பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் முறையை மும்பை, வதோதரா தொடங்கிப் பல இடங்களில் ஆய்வு செய்தவர்களில் 2019இல் பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் இருக்கிறார்கள்.

பெரிய பையன்களை ‘எழுத்துக் குழு’வில் உட்காரவைக்கும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். அந்தக் குழுவுக்கு மல்லி, பிச்சி என்று ஏதாவது பூப்பெயர் வையுங்கள், எண் வைக்க வேண்டாம். வளர்ந்தவர்களுக்கு மட்டும் அரைமணி முன்னதாக வரச்சொல்லித் தனியாகவும் சொல்லிக்கொடுக்கலாம்.

வாசிக்க வைப்பது

தமிழில் 247 எழுத்து என்று தொடங்கினால் பிள்ளை பயந்துவிடும். வரிசையாக அ, ஆ என்று ஒப்பிக்கத் தெரிந்த பல பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு எழுத்தைக் காட்டினால் சொல்லத் தெரியாது. எனவே வரிசையை விட்டுவிட்டு, எழுத எளிதான ட, ப, ம மூன்றையும் புள்ளியையும் எடுத்துக்கொள்ளுங்கள். படம், மடம், பட்டம், மட்டம் வந்துவிட்டன. ஒரு துணைக்காலைச் சேருங்கள்: பாடம், மாடம், மாமா. முதல் மாலையே பிள்ளை சொற்களை வாசித்துவிட்டு வீட்டுக்குப் போகும். மறுநாள் வருவதற்கு அது போதும்.

பிள்ளைகள் நிஜமாகவே தடுமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று கொம்பு. ‘கெ’யில் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, வாய் முதலில் சொல்ல வேண்டியது க். ‘கொ’ வந்தால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். அட்டையில் கொம்பையும் காலையும் தனித்தனியாக வெட்டி, நடுவில் எழுத்தை மாற்றி மாற்றி வைத்து விளையாடவிடுங்கள். இரண்டாவது, உகரம். ஆகாரத்துக்கு ஒரே கால், உகரமோ எழுத்துக்கு எழுத்து வேறு வடிவம் எடுக்கிறது. இதைக் கசடதபற வரிசையில் சொல்லாமல் வடிவ வரிசையில் சொல்லிக்கொடுங்கள். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம். சு, பு, யு, வு இன்னொன்று. து, நு, ணு, லு, று, னு மற்றொன்று. ஒரு வாரத்துக்கு ஒரு கூட்டம் என்றால் நிதானமாகப் படிந்துவிடும். ன, ண, ந வேறுபாட்டையும் ல, ள, ழ வேறுபாட்டையும் இந்தக் கட்டத்தில் துரத்த வேண்டாம். வாசிப்பு ஓடத் தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சொல் வாசிக்கத் தெரிந்தவர்களுக்குப் புத்தகம் வேண்டும், நிறைய வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் ‘வாசிப்பு இயக்கம்’ நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சிறுசிறு கதைப்புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்திருக்கிறது. ஆசிரியரைக் கேட்டால் இரவல் கிடைக்கும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழ் பெரிய பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடிக்கும். பிரதம் புக்ஸின் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சடிக்கலாம். கிளை நூலகத்தில் உங்கள் பெயரில் உறுப்பினர் அட்டை எடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை பிள்ளைகளையே கூட்டிப்போய் எடுக்கவிடுங்கள். கிழியும் என்று புத்தகத்தைப் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். கிழிந்தால் ஒட்டுவதற்கு ஒரு பசை டப்பா வாங்கி வையுங்கள்.

கணக்கு

52இலிருந்து 27ஐக் கழி என்றால் நிறையப் பிள்ளைகள் 35 என்று எழுதும். ஏழில் ரெண்டு போனால் அஞ்சு, அஞ்சில் ரெண்டு போனால் மூணு. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது, அக்கறையில்லாமல் செய்த தப்பு இல்லை அது. “தப்பு, மறுபடி போடு” என்றால் திரும்பவும் 35தான் வரும். விளக்குமாற்றுக் குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக் கொடுங்கள். ஐந்து கட்டு, இரண்டு குச்சி. அதிலிருந்து ஏழு குச்சி எடு என்றால், ஒரு கட்டைப் பிரித்தே ஆக வேண்டும் என்று அதற்கே தெரியும். கையால் பலமுறை பிரித்த பிறகுதான் நோட்டு. காகித ரூபாய் நோட்டு செய்து கடை வைத்து விளையாடினாலும் இதே வேலை நடக்கும். கடைக்குப் போய்ப் பால் பாக்கெட் வாங்கி மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கிவரும் பிள்ளைக்குக் கழித்தல் தெரியாமல் இல்லை, தாளில் தெரியவில்லை. பல்லாங்குழியும் தாயமும் எப்போதும் மையத்தில் இருக்கட்டும்.

ஒரு மாலை எப்படிப் போக வேண்டும்

ஐந்து மணிக்குத் தொடங்கினால், முதல் இருபது நிமிடம் ஓடி விளையாடவும் சாப்பிடவும். காலையிலிருந்து உட்கார்ந்தே இருந்த பிள்ளைகள். விளையாட்டில் பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு மொத்த இடத்தையும் எடுத்துக்கொள்வார்கள், பெண்பிள்ளைகள் ஓரமாக நிற்பார்கள். வாரத்தில் பாதி நாள் எல்லாரும் சேர்ந்து ஆடும் கபடி, கோ-கோ, கொலைகொலையா முந்திரிக்கா என்று மாற்றிவையுங்கள். பிறகு முப்பத்தைந்து நிமிடம் குழுவாக வாசிப்பு, அரைமணி கணக்கு. கடைசி இருபது நிமிடத்தில் ஒரு பெரியவர் எல்லாருக்கும் கதை வாசிக்கலாம், அல்லது பாட்டு, ஓவியம், சிறு அறிவியல் செய்முறை ஏதாவது செய்யலாம். இந்தக் கடைசிப் பகுதியை ஒருபோதும் வெட்டாதீர்கள். வாசிக்கவே பிடிக்காத பிள்ளைகூட அதற்காகக் காத்திருந்து வரும்.

ஹோம்வொர்க்கை என்ன செய்வது? அதற்கு நேரம் கொடுங்கள், ஆனால் கதைக்குப் பிறகு அரைமணி தனியாக. உட்கார விரும்புகிறவர்கள் உட்காரட்டும். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் பாடத்தை ஒரு மூலையில் படிக்கட்டும். அவர்களில் விருப்பமுள்ளவர்கள் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டினால் இரு பக்கமும் நல்லது. ஆனால் அவர்களைச் சம்பளமில்லாத ஆசிரியர் ஆக்கிவிடாதீர்கள். அவர்களுக்குப் பொதுத்தேர்வு இருக்கிறது.

சுண்டல்

மதியம் சத்துணவு சாப்பிட்ட பிள்ளைக்கு ஐந்து மணிக்குப் பசிக்கும். பசித்த பிள்ளைக்கு எழுத்து ஏறாது. பிஸ்கட் பாக்கெட்டைவிடச் சுண்டல் நல்லது. ஒரு கிலோ கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே ஊறவைத்து, உப்புப் போட்டு வேகவைத்துத் தாளித்தால் முப்பது பிள்ளைகளுக்குக் கைநிறைய வரும். ஒரு நாள் கொண்டைக்கடலை, ஒரு நாள் பச்சைப்பயறு, ஒரு நாள் கடலை மிட்டாய், ஒரு நாள் வாழைப்பழம் என்று மாற்றலாம். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிறதா என்று சேர்க்கும்போதே அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தெருவிலுள்ள அம்மாக்கள் முறைவைத்துச் செய்துதர முன்வந்தால் மையம் அவர்களுடையதும் ஆகிவிடும். சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கைகழுவுவது கட்டாயம்.

பாதுகாப்பு

தினமும் வருகைப் பதிவு எடுங்கள். யார் யாரோடு வீட்டுக்குப் போகிறார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். பெற்றோர் போன் எண்கள் சுவரில் வேண்டாம், உங்கள் நோட்டில் இருக்கட்டும். பிள்ளைகளின் படத்தை எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ ஃபேஸ்புக்கிலோ போடாதீர்கள். நன்கொடை கொடுத்தவர் கேட்டாலும் போடாதீர்கள்.

ஒரு பிள்ளை தனக்கு யாரோ கெடுதல் செய்ததாகச் சொன்னால், குறுக்கிடாமல் கேளுங்கள். “நீ சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை” என்று சொல்லுங்கள். நீங்களே விசாரணை நடத்தவோ, இரு குடும்பத்தையும் கூப்பிட்டுச் சமாதானம் பேசவோ கூடாது. 1098 குழந்தைகள் உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது, அதை அழையுங்கள். பாலியல் கொடுமை என்றால் 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே தண்டனைக்குரியது. புதிதாக வரும் ஒவ்வொரு தன்னார்வலருக்கும் இதைச் சொல்லி, புரிந்தது என்று கையெழுத்து வாங்குங்கள். ஊர்ப் பெரியவர் பிள்ளைதானே, தெரிந்த பையன்தானே என்று யாருக்கும் விலக்குத் தர வேண்டாம்.

வராத பிள்ளையும் வரும் பெற்றோரும்

ஒரு பிள்ளை மூன்று நாள் தொடர்ந்து வரவில்லை என்றால் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். திட்டுவதற்கு இல்லை, காரணம் தெரிந்துகொள்ள. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பார்கள். தம்பியையும் தூக்கிக்கொண்டு வா என்று சொல்லுங்கள், ஓரத்தில் ஒரு பாய் விரிப்பதில் கஷ்டம் இல்லை. தண்ணீர் பிடிக்கும் நேரம் என்றால் மையத்தின் நேரத்தையே அரைமணி தள்ளலாம். செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ குடும்பத்தோடு போகிறார்கள் என்றால், போகும்போது இரண்டு கதைப்புத்தகம் கொடுத்தனுப்பி, எப்போது திரும்புவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெயரைப் பதிவேட்டில் அடித்துவிடாதீர்கள்.

பெற்றோர் கேட்பது பெரும்பாலும் மார்க். “அஞ்சாவது படிக்கிறவனுக்கு ட, ப, ம சொல்லிக்கொடுக்கிறீங்களே” என்று ஒரு அப்பா கோபமாக வந்து நிற்கலாம். அவரையும் உட்காரவைத்து, பையனை ஒரு பத்தி வாசிக்கச் சொல்லாமல், நீங்கள் நோட்டில் எழுதிவைத்த நிலையைக் காட்டி, எட்டு வாரம் அவகாசம் கேளுங்கள். பிள்ளைக்கு அப்பா முன்னால் பரீட்சை வைக்க வேண்டாம். எட்டு வாரம் கழித்து அதே சோதனையை வேறு தாளில் செய்யுங்கள். மேலே போனவர்களைக் குழு மாற்றுங்கள். ஒரு பிள்ளை நகரவே இல்லை என்றால் கண் சரியாகத் தெரிகிறதா, காது கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். கரும்பலகை தெரியாமலே வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லலாம், நீங்களே கூட்டிப்போகவும் செய்யலாம்.

பணம்

சாக்பீஸ், சிலேட்டு, சுண்டல் செலவு, தன்னார்வலருக்கு ஒரு சிறு தொகை. தெருவிலேயே மாதாமாதம் கொடுக்கக்கூடிய பத்துப் பேரைப் பிடியுங்கள். ஒரே ஒருவர் மொத்தமாகத் தருகிறேன் என்றால் நாளைக்கு அவர் பெயர்ப்பலகை வரும், நாளன்றைக்கு அவர் கட்சிக்கொடி வரும். வரவு செலவை மாதம் ஒருமுறை சுவரில் ஒட்டுங்கள். வெளியாரிடம் நன்கொடை வாங்கும் அளவுக்கு வளர்ந்தால் சங்கமாகப் பதிவு செய்துகொள்ளலாம். 1975ஆம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி அதற்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். முதல் வருடம் இதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

வருடம் முழுவதும்

ஜூனில் தொடங்குவது வசதி. அக்டோபர் முதல் டிசம்பர்வரை மழை. ஒழுகும் இடத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கே போவது என்று செப்டம்பரிலேயே யோசித்து வையுங்கள், தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள், கொசு கடிக்கும் காலம். தேர்வு வாரங்களில் நேரத்தைப் பாதியாகக் குறைத்தாலும் கதவைத் திறந்து வையுங்கள். ஏப்ரலில் கடைசிச் சோதனையை முடித்து, ஒவ்வொரு பிள்ளையும் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். ஜூனில் அந்தப் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போகும்போது புது ஆசிரியர் கையில் அந்தத் தாள் இருக்க வேண்டும். கோடை விடுமுறையில் வகுப்பு வேண்டாம், புத்தகப் பெட்டியை மட்டும் யாராவது ஒரு பிள்ளையின் வீட்டுத் திண்ணையில் வைத்து, எடுத்துப்போவதையும் திருப்பித்தருவதையும் அவர்களே எழுதிக்கொள்ள ஒரு நோட்டும் பேனாவும் கட்டிவிடுங்கள்.